‘ரெண்டு பெக்’ என்றால் எத்தனை? செக்யூரிட்டி கிளியரன்ஸுக்குக் காத்திருக்கும் வாசகருக்கு

வாசகர் கடிதம் – சுருக்கம்

வர்ஜீனியா மாநிலத்திலிருந்து எழுதியிருக்கிறார். வயது 38, மென்பொருள் பொறியாளர். 2019இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒப்பந்த வேலை செய்யும் ஒரு நிறுவனம் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. ‘சீக்ரெட்’ நிலை செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி, கிடைத்தால்தான் வேலை உறுதி. பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம்.

பதினான்கு மாதங்களுக்கு முன் நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விருந்து முடிந்து கார் ஓட்டி வந்தவரைப் போலீஸ் நிறுத்தியது. மூச்சுச் சோதனையில் ரத்த ஆல்கஹால் அளவு 0.13. கைது, கைரேகை, காலையில் விடுதலை. வழக்கறிஞர் பேசி ‘டி.டபிள்யூ.ஐ.’ (குடித்துவிட்டு வண்டி ஓட்டியது) வழக்கை ‘ரெக்லஸ் டிரைவிங்’ (ஆபத்தாக வண்டி ஓட்டியது) என்று குறைத்துவிட்டார். அபராதம் கட்டியாயிற்று, மது விழிப்புணர்வு வகுப்பும் முடிந்தது. புரொபேஷன், அதாவது கோர்ட் விதித்த நன்னடத்தைக் காலம், இன்னும் மூன்று மாதம் பாக்கி. இதற்கும் முன்னால், மூன்று வருடத்துக்கு முன்பு தம்பி கல்யாணத்துக்குச் சென்னை போனபோது, குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டியதாகப் பிடிபட்டார். சித்தப்பா கூட வர, கோர்ட்டில் 10,000 ரூபாய் கட்டியிருக்கிறார். “அது சும்மா ஃபைன் கட்டினது” என்கிறார்.

அமெரிக்கக் கைதுக்குப் பிறகு மனைவி மகளை அழைத்துக்கொண்டு நியூஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தார். கவுன்சலிங் போகச் சொல்கிறார். “போனால் பதிவாகிவிடும், கிளியரன்ஸ் போய்விடும்” என்று இவர் தள்ளிப்போடுகிறார். குடிப்பது சனிக்கிழமை மட்டும், “ரெண்டு பெக், எப்போதாவது மூணு.” தமிழ்ச் சங்கத்தில் ஒரு அண்ணா, “டி.டபிள்யூ.ஐ.தான் இல்லாமல் போய்விட்டதே, எழுதாதே, இந்தியா விஷயம் இவர்களுக்கு எப்படித் தெரியும்” என்று சொல்லியிருக்கிறார். என்ன செய்வது என்று கேட்கிறார். கும்பகோணத்தில் இருக்கும் பெற்றோரால் சிக்கல் வருமா என்றும் ஒரு வரி.

ஆலோசனை

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நம்மவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பெற்றோர் இந்தியாவில் இருப்பதை நீங்கள் படிவத்தில் எழுதியாக வேண்டும், கேள்விகளும் வரும். ஆனால் அம்மா அப்பா கும்பகோணத்தில் ஓய்வூதியத்தில் வாழ்கிறார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் தடையாக நிற்பதில்லை. உங்கள் கோப்பின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது.

அடுத்து, அந்த அண்ணா சொன்னதைக் கேட்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் உங்களிடம் இப்போது இருக்கும் ஒரு பிரச்சினை இரண்டாகும். இரண்டாவதுதான் பெரியது.

“குறைத்துவிட்டார்களே” என்ற வாதம்

கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல. 1988இல் ஈகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை நேரடியாகவே சொல்லிவிட்டது. குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் உங்களுக்கு. இங்கே சந்தேகத்தின் பலன் நாட்டின் பாதுகாப்புக்கு. நடந்தது என்ன என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், “இப்போது என்னை நம்பலாம்” என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. அதனால் கோர்ட்டில் வழக்கு என்ன பெயரில் முடிந்தது என்பதைத் தாண்டி, அன்றிரவு என்ன நடந்தது என்று பார்ப்பார்கள். வர்ஜீனியாவில் வரம்பு 0.08. நீங்கள் 0.13. ‘ரெக்லஸ் டிரைவிங்’ என்ற தலைப்பு அந்த எண்ணை மாற்றாது.

கிளியரன்ஸ் தருவதற்கென்று 2017 ஜூன் 8 முதல் நடப்பில் உள்ள தேசிய விதிமுறையில் ‘ஏ’ முதல் ‘எம்’ வரை 13 தலைப்புகள் உண்டு. மது ‘ஜி’ தலைப்பில் வருகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது போன்ற சம்பவம், அது ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும், உங்களுக்குக் குடிநோய் என்று யாரும் சொல்லாவிட்டாலும் கணக்கில் வரும் என்று அந்தத் தலைப்பு வெளிப்படையாகவே சொல்கிறது.

இப்போது படிவம். எஸ்.எஃப்-86 என்று பெயர். அதன் 22ஆம் பகுதியில் பெரும்பாலான கேள்விகள் கடந்த 7 ஆண்டுகளைப் பற்றியவை. சில கேள்விகளுக்கு அந்த வரம்பு இல்லை. அவற்றில் ஒன்று: மதுவோ போதைப்பொருளோ சம்பந்தப்பட்ட குற்றத்துக்காக உங்கள் மேல் எப்போதாவது குற்றச்சாட்டு பதிவானதா? தண்டனை கிடைத்ததா என்று கேட்கவில்லை, பதிவானதா என்றுதான் கேட்கிறார்கள். பதிவானது டி.டபிள்யூ.ஐ.; ஆகவே பதில் ஆம். பின்னால் அந்த வழக்கை சீல் செய்தாலும், பதிவிலிருந்து நீக்கினாலும் எழுத வேண்டும். ஃபெடரல் போதைப்பொருள் வழக்குகளுக்கு ஒரு குறுகிய விலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தாது. “சிறு டிராஃபிக் அபராதம் 300 டாலருக்குக் கீழ் என்றால் எழுத வேண்டாம்” என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மது கலந்திருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது.

அதே பகுதியில் எந்த நீதிமன்றம் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது: ஃபெடரல், மாநில, உள்ளூர், ராணுவ, வெளிநாட்டு நீதிமன்றம். சென்னையில் நீங்கள் கட்டியது டிராஃபிக் போலீஸிடம் ரோட்டோரத்தில் கொடுத்த பணம் அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் முடிந்த குற்ற வழக்கு அது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுள்ள பிரிவு. அங்கே வரம்பும் இங்கே இருப்பதைவிடக் கடுமை: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அமெரிக்கக் கணக்கில் 0.03. “சும்மா ஃபைன்” என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், படிவத்தில் சொல்ல முடியாது.

ஒரு சின்ன ஆறுதல். இரண்டுமே நீங்கள் குடியுரிமை பெற்ற பிறகு நடந்தவை. முன்னால் நடந்து, குடியுரிமை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டிருந்தால் இந்தப் பதிலின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

“இந்தியா விஷயம் எப்படித் தெரியும்?” தெரியாமல் போகலாம்தான். ஆனால் விசாரணை அதிகாரி உங்கள் நண்பர்களிடம் பேசுவார். அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் போதும். வர்ஜீனியா கைது தெரியாமல் போக வழியே கிடையாது. உங்கள் கைரேகை எஃப்.பி.ஐ. பதிவில் ஏறிவிட்டது. எழுதாமல் விட்டது தெரியும்போது கோப்பு ‘ஜி’யிலிருந்து ‘இ’ தலைப்புக்கு, அதாவது தனிநபர் நடத்தைக்கு, நகரும். குடிப் பழக்கம் மாறியது என்று ஆண்டுக் கணக்கில் காட்டலாம். கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய்யை எதை வைத்து மாற்றிக் காட்டுவது? தெரிந்தே பொய் எழுதுவது ஃபெடரல் குற்றமும்கூட. ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

பெக் கணக்கு

உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தியது “ரெண்டு பெக், எப்போதாவது மூணு” என்ற வரி. அதற்கு நாலு வரி கீழேயே, சனிக்கிழமைகளில் நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் “மூணு பேர், ஒரு பாட்டில்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பொருந்தவில்லையே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் ‘ஒரு டிரிங்க்’ என்றால் 14 கிராம் ஆல்கஹால். விஸ்கி என்றால் ஒன்றரை அவுன்ஸ், அதாவது சுமார் 44 மில்லி. 750 மில்லி பாட்டிலில் இது ஏறக்குறைய 17 டிரிங்க். மூன்று பேர் சமமாகக் குடித்தால் ஆளுக்கு ஐந்தரைக்கு மேல். நம்ம ஊர் லார்ஜ் 60 மில்லி என்று வைத்தாலும் அது நாலு பெக்குக்கு மேல் போகிறது, இரண்டு இல்லை. வீட்டில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை என்பது வேறு. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றும்போது ‘ஒரு பெக்’ என்பது ஊற்றுகிறவரின் மனசைப் பொறுத்தது.

இது ஏன் முக்கியம்? ஆண்களுக்கு இரண்டு மணி நேரத்தில் ஐந்து டிரிங்க் என்றால் ‘பிஞ்ச்’ (குறுகிய நேரத்தில் அளவுமீறிக் குடிப்பது) என்று இங்குள்ள மருத்துவ அளவுகோல் சொல்கிறது. சுயநிதானம் தவறும் அளவுக்கு வழக்கமாகக் குடிப்பதும், இப்படி ஒரே மூச்சில் குடிப்பதும் ‘ஜி’ தலைப்பில் தனிக் காரணமாகவே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள்தானே என்பது தப்பிக்கும் வழி இல்லை. அந்த ஒரு நாளில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இன்னொரு காரணமும் உண்டு. விசாரணை அதிகாரி உட்கார்ந்து, எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, போதை ஏற எத்தனை வேண்டும், கடைசியாகக் குடித்தது எப்போது என்று வரிசையாகக் கேட்பார். நீங்கள் ‘டூ டிரிங்க்ஸ்’ என்பீர்கள். பொய் சொல்லும் எண்ணம் இருக்காது, பழக்க தோஷம்தான். அப்புறம் டாக்டர் குறிப்பில் ‘வாரம் ஐந்தாறு’ என்று இருக்கும். போலீஸ் அறிக்கையில் 0.13 இருக்கும். இரண்டு டிரிங்க் குடித்த சராசரி உடம்புள்ள ஆணுக்கு 0.13 வராது. மூன்று தாள்களில் மூன்று எண் இருந்தால் படிக்கிறவர் எதை நம்புவார்? அதனால் முதலில் ஒரு அளவுக் குவளை வாங்கி, நீங்கள் வழக்கமாக ஊற்றும் அளவுக்குத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கவுன்சலிங் போனால் கிளியரன்ஸ் போகுமா?

இங்கேதான் நீங்கள் முழுக்கத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. குடும்ப ஆலோசகராக இல்லாமல், ஒரு வழக்கறிஞராகவே இதைச் சொல்கிறேன்.

படிவத்தின் 24ஆம் பகுதி மதுவைப் பற்றியது. கடந்த 7 ஆண்டுகளில் குடியால் வேலை, உறவு, பணம் எதுவும் பாதிக்கப்பட்டதா, போலீஸ் தலையீடு வந்ததா என்று கேட்கும். நியூஜெர்சியில் அந்த மூன்று வாரம் இந்தக் கேள்விக்குள்தான் வருகிறது. மதுவுக்காகச் சிகிச்சை பெறும்படி எப்போதாவது உத்தரவோ ஆலோசனையோ வந்ததா, நீங்களாகவே போனீர்களா என்றும் கேட்கும். கோர்ட் அனுப்பிய வகுப்பை ஏற்கெனவே எழுதியாக வேண்டும். கவுன்சலிங் போனால் அதையும் எழுத வேண்டும். அந்த அளவில் ‘பதிவாகும்’ என்று நீங்கள் நினைப்பது உண்மைதான்.

ஆனால் அந்தப் பதிவு உங்கள் பக்கத்துச் சாட்சி. ‘ஜி’ தலைப்பில் பாதகங்களுக்குக் கீழே சாதகங்களும் எழுதியிருக்கிறது: பிரச்சினையை ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்ய எடுத்த நடவடிக்கைகளுக்குச் சான்று காட்டி, குடியைக் குறைத்தோ நிறுத்தியோ நிலையாக இருப்பது, முன்பு சிகிச்சை பெற்று மறுபடி வழுக்கிய வரலாறு இல்லாமல், இப்போது சிகிச்சையில் நல்ல முன்னேற்றம் காட்டுவது, சிகிச்சையை முழுதாக முடித்து அதன்படி நடப்பது. கவனித்துப் பாருங்கள், சிகிச்சைக்குப் போவது பாதகப் பட்டியலில் எங்கேயும் இல்லை. டாக்டர் சொன்னதைக் கேட்காமல் விடுவதுதான் அங்கே இருக்கிறது.

நான் சொல்லும் வழி இது. ஒரு மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அல்லது லைசென்ஸ் பெற்ற கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கரிடம் முழு மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். விதிமுறை பெயர் சொல்லி ஏற்கும் தகுதிகள் இவை. இரண்டு சம்பவங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாதிக் கதையைக் கேட்டு எழுதிய நற்சான்றிதழ் விசாரணையில் நிற்காது. அவர்கள் 11 அறிகுறிகள் கொண்ட அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள்; இரண்டு மூன்று இருந்தால் லேசான குடிநோய், ஆறோ அதற்கு மேலோ என்றால் தீவிரம். நோய் எதுவும் இல்லை, அளவோடு இருந்தால் போதும் என்று வந்தால் அது ஒரு பாதை. குடிநோய் என்று வந்து, “முழுக்க நிறுத்துங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு மைத்துனர் கல்யாணத்தில் குடிக்கும் ஒரு பீரும் தனிப் பாதகமாகப் பதிவாகும். ‘கொஞ்சமாக’ என்ற பேச்சே அப்போது இல்லை.

சிலர் மதுவுக்கான கவுன்சலிங்கை ‘மேரேஜ் கவுன்சலிங்’ என்று பெயர் மாற்றிப் போகிறார்கள். அந்தத் தந்திரம் வேண்டாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போவது நல்லது. வழிகாட்டியாக இருப்பவரின் கடிதமும் உதவும். மருத்துவ மதிப்பீட்டுக்கு அது மாற்று ஆகாது. ‘பெத்’ என்ற ரத்தப் பரிசோதனை கடந்த சில வாரங்களில் குடித்தீர்களா என்று காட்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வைத்தால், “நிறுத்திவிட்டேன்” என்ற வாய்வார்த்தைக்குப் பின்னால் ஒரு தாள் நிற்கும்.

இப்போதா, கொஞ்சம் பொறுத்தா?

கிளியரன்ஸுக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. நிறுவனம்தான் முன்மொழிய வேண்டும். அதனால் இந்த வாய்ப்பை எளிதாகக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுபக்கம், நீங்கள் இன்னும் புரொபேஷனில் இருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் ஒழுங்காக இருப்பது கோர்ட்டுக்குப் பயந்துதான் என்று கிளியரன்ஸ் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் எண்ண இடமுண்டு. அது முடிந்த பிறகும் அப்படியே இருந்தால்தான் எடை கூடும். “ஒரு வருஷம் குடிக்காமல் இருந்தால் கொடுத்துவிடுவார்கள்” என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஒரு கெடு விதியில் எங்கேயும் இல்லை. மூன்று வருட இடைவெளிக்குள் இரண்டு சம்பவம் உள்ளவருக்கு ஒரே ஒரு சம்பவம் உள்ளவரைவிட அதிக காலம் தேவைப்படும் என்று மட்டும் சொல்லலாம்.

நிறுவனத்திடம் கேளுங்கள்: கிளியரன்ஸ் தேவைப்படாத வேலையில் முதலில் சேர்ந்து, ஆறு மாதம் கழித்துப் படிவம் போடலாமா? ஒப்புக்கொண்டால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். புரொபேஷன் முடியும், மதிப்பீடு கையில் இருக்கும், பரிசோதனைத் தாள்கள் சேரும். “இல்லை, இப்போதே” என்றால் போடுங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போடுங்கள். விசாரணை முடியும் முன் தரும் தற்காலிக கிளியரன்ஸ் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அதற்கு மேல்முறையீடும் கிடையாது. வேலை அதை நம்பி இருந்தால் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். படிவத்தில் எழுதுவதெல்லாம் மேனேஜருக்குப் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கலாம். உள்ளே யாரிடமும் பகிரக் கூடாது.

மறுக்கும் எண்ணம் இருந்தால் காரணங்களைப் பட்டியலிட்டு ஒரு நோட்டீஸ் அனுப்புவார்கள். ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு, பாதுகாப்புத் துறையின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகத்தில் நிர்வாக நீதிபதி முன் நேரில் பேசும் உரிமை உண்டு. நோட்டீஸுக்குப் பதில் தர 20 நாள்தான், பண்டிகை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நேரத்தில் வந்துவிடப் போகிறது. அந்த நீதிபதிகளின் தீர்ப்புகள் விண்ணப்பதாரர் பெயரை நீக்கி இணையத்தில் கிடைக்கின்றன. ‘ஜி’ தலைப்பில் ஒரு பத்துத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். யாருக்குக் கிடைத்தது, யாருக்குப் போனது என்று என் கடிதத்தைவிட அவை தெளிவாகச் சொல்லும். கடைசியில் மறுத்தாலும் ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்கலாம்.

கிடைத்தாலும் கதை முடிவதில்லை. இப்போது தொடர் கண்காணிப்பு நடக்கிறது. நாளை எந்த மாநிலத்தில் கைதானாலும் தகவல் தானாகப் போய்ச் சேரும், நீங்களும் உடனே பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும்.

இது பொதுவான ஆலோசனை. படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், டி.டபிள்யூ.ஐ. வழக்கை நடத்தியவரை விட்டுவிட்டு, கிளியரன்ஸ் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதங்களோடு உட்காருங்கள். கைது அறிக்கை, கோர்ட் உத்தரவு, வகுப்பு முடித்த சான்றிதழ் மூன்றும் வேண்டும்.

சென்னைக் காகிதம் ஒன்றும் வேண்டும். இன்றிரவே சித்தப்பாவுக்கு போன் போட்டு அந்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். தொலைந்திருந்தால் பரவாயில்லை. எந்தக் கோர்ட், எந்த மாதம், எந்த ஸ்டேஷன் பிடித்தது என்று அவர் நினைவில் உள்ளதையாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; ஊரில் ஒரு வக்கீல் மூலம் நகல் எடுக்க அது போதும்.